நான் கட்டிய பெண் வேடம்

(உரும்பிராயில், சங்க ஆண்டு விழாவின்போது நிகழ்த்திய பேச்சு)

நாடக அநுபவங்களைப்பற்றிப் பேசுமாறு செயலாளர் கேட்டுக்கொண்டார். அரை மணி நேரமும் தந்திருக்கிறார். பழைய நாடகக்காரனிடம் ஒலிவாங்கியைக் கொடுப்பதில் உள்ள ஆபத்தை அவர் அறியார். ஆயினும் மணி அடித்தால் நிறுத்திவிடுவேன். மணிக்குப் பணிந்து பழகியவன் நான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பெரிய நடிகனல்லன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், வீட்டில் தோட்டக்காரன், வருடத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் நடிகன். நடித்ததற்குச் சம்பளம் வாங்கியதில்லை. ஆளுக்கு ஐந்து ரூபா கையிலிருந்து போட்டுத்தான் நடித்தோம். இத்தகையோரை 'அமெச்சூர்' என்பார்கள். பிறநாட்டுச் சொல்லாகிய அதன் அடிப்பொருள் 'நேசிப்பவன்' என்பதாம். எங்கள் வீட்டில் ஐயா வைத்த பெயர் வேறு. "கூத்தாடி" என்பார். அதில் நேசம் சற்றும் இராது.

படித்தவர்கள் மேடையேறுவது இழுக்கு என்றிருந்த எண்ணத்தை மாற்றியவர்களை நாம் மறக்கலாகாது. சென்னையிலே 1891 ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை நிறுவினார். அவர் வழக்கறிஞர், பின்னர் நீதிபதியாகவும் இருந்தவர். பகலில் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் உழைத்தவர்கள் இரவில் அரிதாரம் பூசினார்கள். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். அச்சபையார் 1911 இல் இலங்கைக்கு வந்து நாடகமாடினர். அதனைக் கண்டு உள்ளம் கொள்ளைபோனவர் நம்மவராகிய கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள். முதலியாரைக் குருவாக வரித்துக்கொண்டு, முதலாம் உலக யுத்தம் தொடங்கிய காலத்தையொட்டிக் கொழும்பிலே லங்கா சுபோத விலாச சபையை உருவாக்கினார். ஷைலொக்காக அவர் நடித்த நடிப்பை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கிழவராகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1968 இல் அவர் வெளியிட்ட 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்னும் நூலை வாலிபர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது, மேடை இவர்களோடுதான் பிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அண்ணாவிமாரின் கூத்தும் இசை நாடகமும் அதற்கு முன்னரும் இருந்தன, பின்னரும் இருந்தன. நடிகமணி வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் நிற்பதைப் பார்க்க நாங்கள் சைக்கிளில் ஒருவரையொருவர் ஏற்றிக்கொண்டு எத்தனையோ கோயில் வீதிகளுக்குப் போயிருக்கிறோம். அவர் சுருதி பிடித்தால் கச்சான் விற்கிற கிழவியும் கூவுவதை நிறுத்திவிடுவாள். அவருக்கு நாடகமே சீவியம். எங்களுக்கோ, இறைப்பு முடிந்த பின் மிஞ்சிய நேரம்.

இறைப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஒத்திகை இரவு எட்டு மணிக்குமேல்தான் தொடங்கும். செம்மண் படிந்த காலோடு மனோகரன் வருவான். புகையிலைத் தோட்டத்திலிருந்து மந்திரி வருவார். அரசனுக்கு விடியற்புறம் நாலு மணிக்கு இறைப்பு முறை இருக்கும், ஆகையால் சிம்மாசனத்திலிருந்தே கொட்டாவி விடுவார். மேடை என்பது பள்ளிக்கூடத்து வாங்குகளை அடுக்கி, மேலே பலகை போட்டுக் கட்டியது. நான்கு புறமும் கிடுகுத் தட்டி. முன்னும் பின்னும் பெற்றோமக்ஸ். சீனும் உடுப்பும் வாடகைக்குப் பட்டணத்திலிருந்து வரும். 'காட்டுச் சீன்' கேட்டால் 'வீதிச் சீன்' வந்து சேருவதும் உண்டு. அப்போது காட்டில் தவஞ்செய்ய வேண்டிய முனிவர் கடைவீதியில் தவஞ்செய்வார். சபையோர் அதைப் பொருட்படுத்தியதில்லை. இன்னுமொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அந்தக் கொட்டகைக்குத் தடி நட்டவர்கள், கிடுகு கட்டியவர்கள் சிலருக்கு அதன் முன்னே போட்ட பாயில் இருக்க இடம் இருக்கவில்லை. தூரத்தில் நின்றே பார்த்தார்கள். நாங்களும் அதைக் கண்டுகொண்டே உள்ளே நீதி பேசி நடித்தோம்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா'வை எடுத்தோம். எனக்குக் கிடைத்தது பத்மாவதி, அதாவது மனோகரனின் தாய். பெண்கள் மேடையேறாத காலம். மெல்லிய உடம்பும் மீசை அடர்த்தியில்லாத முகமும் உள்ளவனைப் பிடித்துச் சேலை சுற்றிவிடுவார்கள். ஐயா அதை அறிந்த அன்று உண்ணவில்லை.

"பொம்பிளை வேசம் போடுறவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? உன்ரை கொக்காவுக்கும் கலியாணம் பேசவேணும், அதையாவது நினைச்சியோ?" என்றார்.

பெண் வேடம் கட்டிப் புகழ்பெற்றவர்கள் இல்லாமலா? சுகுண விலாச சபையில் முதலியாருக்கு எதிரே நாயகியாக நடித்தவர் ரங்கவடிவேலு. அவர் 1923 இல் மறைந்த துயரை முதலியார் தமது நினைவுகளில் உருக்கமாக எழுதியிருக்கிறார். 1942 இல் டி. கே. சண்முகம் ஔவையாராகவே மாறி நின்றதனால் 'ஔவை' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இவற்றையெல்லாம் ஐயாவிடம் சொன்னேன். "அவையள் இந்தியாவிலை" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

என் தமக்கையார்தான் எனக்காகப் பேசினார். என்னிலும் மூன்று வயது மூத்தவர். அச்சுப் புத்தகம் எங்களிடம் ஒன்றே இருந்தது. ஒவ்வொருவருடைய பாகத்தையும், அதற்கு முன்வரும் கடைசிச் சொல்லோடு தனித்தனிக் கொப்பியில் எழுத வேண்டும். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அத்தனை கொப்பியையும் எழுதியவர் அக்கா. எழுதி முடிந்தபோது மனோகரனும் வசந்தசேனையும் வாயிற்காவலனும் முழுவதுமாக அவர் மனத்தில் இருந்தார்கள். எனக்கோ என் பாகமே பாதிதான் இருந்தது.

வீட்டு விறாந்தையில் என்னை நடத்திப் பார்த்தார். ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை நடந்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்; சிரிக்கவில்லை.

"தம்பி, நீ பொம்பிளை மாதிரிக் காட்டப் பாக்கிறாய். அதுதான் பிழை. இடுப்பை ஆட்டாதை, அவ ராசாத்தி. ஆம்பிளை திரும்பினால் தோள் முந்தும். பொம்பிளை திரும்பினால் கண் முந்தும். முதல் கண்ணாலை பார், பிறகு முகம், பிறகுதான் உடம்பு" என்றார்.

அதைச் செய்து காட்டினார். கையில் அரிசி புடைத்த சுளகு. பின்னால் யாரோ அழைத்ததுபோலத் திரும்பினார். அவ்வளவுதான். அந்தத் திரும்புதலில் ஓர் அரசி இருந்தாள், அவளைத் தள்ளிவைத்த கணவன் இருந்தான், சங்கிலியில் கிடக்கும் மகன் இருந்தான். பிறகு மறுபடி சுளகை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். இந்த ஊரில் ஒரு நடிகை இருந்தாள் என்பதைக் கண்டவன் நான் ஒருவனே.

நாடக இரவு வந்தது. முகத்துக்கு முத்துவெள்ளை, கண்ணுக்கு மை, தலையிலே எத்தனை பேர் வியர்வை கண்டதோ தெரியாத ஒரு டோப்பா. அக்கா ஆச்சியோடு வந்து, பின்தட்டி வழியாக உள்ளே நுழைந்து, தமது சேலையை எனக்கு உடுத்திவிட்டார். கொய்யகம் குலைந்தால் சரிப்படுத்த வேண்டுமென்று சொல்லி, ஆச்சியும் அவரும் பக்கத் தட்டி ஓரமாக இருட்டில் இருந்தார்கள். ஆச்சி இருந்தபடியால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, அக்காலத்து வாலிபர்களை நீங்கள் அறிய வேண்டும். 1954 இல் 'மனோகரா' படமாக வந்துவிட்டது. சிவாஜி கணேசனும், பத்மாவதியாகக் கண்ணாம்பாவும். கருணாநிதியின் வசனம் இளைஞர் வாயிலெல்லாம் ஊறிக் கிடந்தது. நாங்கள் நடித்ததோ முதலியாரின் பழைய நூல். சபா மண்டபக் காட்சி. மகன் சங்கிலியில் நிற்கிறான். அதுவரை பொறு பொறு என்று அவனைத் தடுத்துவந்த தாய் வந்து அனுமதி கொடுக்க வேண்டிய இடம். நான் வாயைத் திறக்கிறேன், முன் வரிசையிலிருந்து நாலைந்து பொடியன்கள் படத்து வசனத்தை எனக்கு முன்னே சொல்லிவிட்டார்கள்! சபை முழுவதும் சிரிப்பு. படத்து வசனமும் புத்தகத்து வசனமும் என் தலையில் மோதி இரண்டுமே மறைந்தன. மனம் வெறுமையாகிவிட்டது. வசனம் எடுத்துக் கொடுப்பவர் இருக்குமிடத்தைப் பார்த்தேன். இருள். மங்கிய லாம்புக்குக் காற்றடிக்க அவர் எழுந்து போயிருந்தார்.

அப்பொழுது மற்றப் பக்கத்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. முதற்சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு நின்றிருந்தால் அது ஞாபகமூட்டல். அக்கா நிறுத்தவில்லை. என் நிலைமையை உணர்ந்துகொண்டு அந்தப் பேச்சு முழுவதையும், எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டு, எங்கே குரல் உடைய வேண்டுமோ அங்கே உடைத்து, எனக்கு முன்னே ஒரு சொல் தூரத்தில் சொல்லிக்கொண்டே போனார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னே நடந்தேன். சிரித்த சபை அடங்கியது. பாயிலிருந்த பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. மனோகரன் சங்கிலியை அறுத்தான்.

நாடகம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையேறி எனக்கு ஒரு வெள்ளிப் பதக்கம் சூட்டினார். நானும் நன்றி கூறினேன். சீன்காரருக்கு, உடுப்புக்காரருக்கு, லாம்புக்குக் காற்றடித்தவருக்கு, தேநீர் தந்த கடைக்காரருக்கு. தட்டிக்குப் பின்னால் இருந்தவரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இங்கிருக்கும் மூத்தோருக்குத் தெரியும். ஆண்கள் வேடம் மாற்றும் இடத்தில் கலியாணம் பேசும் பெண் நடுச்சாமத்தில் நின்றாள் என்றிருப்பார்கள். அவருடைய நன்மைக்காகவே மறைத்தேன் என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி அந்தப் பதக்கம்.

மறுநாட் காலை கண் மை போகாமல் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னரும் பத்துப் பன்னிரண்டு வேடம் கட்டியிருக்கிறேன். அவை பெரிதாகச் சொல்லத் தக்கவையல்ல.

1985 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் 'மண் சுமந்த மேனியர்' என்னும் நாடகத்தை மேடையேற்றினார்கள். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதியது, சிதம்பரநாதன் நெறிப்படுத்தியது. பெண்பிள்ளைகள் தாமாகவே மேடையில் நின்று நடித்தார்கள். அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு மணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். பார்த்து முடிந்து வெளியே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சைக்கிளில் பின்னாலிருந்து வரும்போது, பாதி வழியில் சொன்னார்: "தம்பி, அந்தப் பிள்ளை திரும்பேக்கை பாத்தனியே? கண்தான் முந்தினது. ஆர் சொல்லிக் குடுத்ததோ."

எனக்கு மறுமொழி வரவில்லை.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தார் எல்லோரும் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கொப்பிகளும் பதக்கமும் றங்குப் பெட்டியோடு வீட்டில் கிடந்தன. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, வீட்டுக்கு ஓடும் இல்லை. ஆனால் சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையிலே நாலைந்து குடும்பங்களாகத் தங்கியிருந்த நாள்களில், இரவில் நித்திரை கொள்ளாத பிள்ளைகளுக்கு அக்கா 'மனோகரா'வைச் சொன்னார். கதையாகவல்ல, நாடகமாக. அரசனுக்கு ஒரு குரல், வசந்தசேனைக்கு ஒரு குரல். பத்மாவதி வந்தபோது எழுந்து நின்றார். பிள்ளைகள் மட்டுமல்ல, மூலையில் மூட்டைமேல் சாய்ந்திருந்த பெரியவர்களும் எழுந்து உட்கார்ந்தார்கள். மேடையில்லை, திரையில்லை, ஒரு குப்பி விளக்கு. நான் பார்த்த நாடகங்களுள் அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை.

இதையெல்லாம் இங்கே சொல்வதற்கு அவருடைய அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறேன். "இனி ஆர் எனக்குக் கலியாணம் பேசப் போகினம், சொல்லன்" என்றார்.

அடுத்த ஆண்டு விழாவுக்குச் சங்கம் ஒரு நாடகம் போடவிருப்பதாகவும், சங்கத்துப் பெண்பிள்ளைகள் இருவர் நடிக்கப் பெயர் கொடுத்திருப்பதாகவும் தலைவர் கூறினார். ஒத்திகை பழக்க என்னை வரச் சொன்னார். நான் வருவேன். ஆயினும் அந்தப் பிள்ளைகளுக்கு நடை சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நானல்லன். அக்காவிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வருத்தம், படியேற மாட்டார். வரச் சம்மதம்தான், ஆனால் தட்டிக்குப் பின்னால் இருக்க மாட்டாராம். முன்னுக்கு, எல்லோரும் காணும்படி, சாய்கதிரை ஒன்று வேண்டுமாம்.

செயலாளர் அவர்களே, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஓட்டோ ஒன்றை எங்கள் படலைக்கு அனுப்பி வையுங்கள். கதிரை நான் கொண்டுவருகிறேன்.