மக்கள் மன்றில் அறிவியல்



ஆய்வகத்தில் பிறக்கும் அறிவு ஆய்வகத்திலேயே அடைபட்டுக் கிடக்குமாயின், அடுத்த ஆய்வாளன் எங்கிருந்து தோன்றுவான்? இவ்வினாவிற்கு மைக்கேல் பாரடேயின் வாழ்வே விடை.

1791-இல் இலண்டனை அடுத்த நியூவிங்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர் அவர். பள்ளியிற் கற்றது மிகச் சிறிது. 14-ஆம் அகவையில் நூல் கட்டும் தொழில் பயிலச் சென்றார். கட்டுதற்கு வந்த நூல்களையே படித்தார். 1812-இல், கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டால், இராயல் இன்சுடிட்யூசன் என்னும் அறிவியல் மன்றத்தில் அம்பிரி தேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். கேட்டவற்றை எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டித் தேவிக்கு விடுத்தார். 1813-இல் அம்மன்றத்தின் ஆய்வக உதவியாளரானார். 1831-இல், மாறுகின்ற காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிப்பதைக் கண்டறிந்தார். இன்று மின்நிலையங்களில் சுழலும் மின்னாக்கிகள் அந்நெறியிலேயே இயங்குகின்றன. அந்த ஒரு சீட்டுக் கிடையாதிருப்பின் என்னாகியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்!

பெற்ற கடனைப் பாரடே மறந்தாரல்லர். 1825-இல் அதே மன்றில் இளையோர்க்கான கிறித்துமசுச் சொற்பொழிவுகள் தொடங்கின. அவற்றுள் 19 தொடர்களை அவரே நிகழ்த்தினார். 1834-இல் மின்பகுப்பு ஆய்வுக்குப் புதுச்சொற்கள் வேண்டியபோது, அறிஞர் வில்லியம் ஊவெல் துணையுடன் கிரேக்க வேர்களிலிருந்து அவற்றை ஆக்கிக்கொண்டவர் அவர். ஆயின் சிறுவர்முன் அருஞ்சொற்களை அடுக்கினாரல்லர். ஒரு மெழுகுத்திரியை ஏற்றினார்!

உருகிய மெழுகு திரியில் மேலேறுவது எவ்வாறு? சுடராய் எரிவது நீர்மமா, ஆவியா? 1860-61-இல் ஆறு பொழிவுகளில் இவற்றைச் செய்துகாட்டியே விளக்கினார். சுடரின்மேற் குளிர்ந்த கலத்தைப் பிடித்து, அதன் அடியிற் படிந்த நீர்த்துளியைக் காட்டினார். நெருப்பினின்று நீர்! இறுதியில், மாந்தர் மூச்சும் சுடர் எரிதலை ஒத்ததே, இரண்டும் உயிர்வளியை ஏற்றுக் கரிவளியை விடுகின்றன என்று நிறுவினார். அப்பொழிவுகள் 1861-இல் நூலாயின.

எளிமையாகச் சொல்லுதல் தாழ்ந்த பணி என்பார் உளர். உலகம் போற்றிய ஆய்வாளர் தம் 69-ஆம் அகவையிலும் சிறுவர்முன் நின்று அப்பணியைச் செய்தார். ஆழக் கற்றவனே எளிதிற் சொல்ல வல்லவன்.

ஆசிரியப் பெருமக்களே! வரையறையைக் கரும்பலகையில் எழுதுமுன், வகுப்பில் ஒரு திரியை ஏற்றுங்கள், மாணவரை உற்றுநோக்க விடுங்கள், வினவ விடுங்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஏழைத் தொழிலாளியின் மகனோ மகளோ நாளைய பாரடே ஆகலாம். அப்பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய நுழைவுச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறது. அதனை மறுத்துவிடாதீர்!