கழிவு கல்லாகும் விந்தை



விஞ்ஞானம் படிப்பவன் மேடையேறினால் விளங்காத சூத்திரங்களைச் சொல்லிச் சபையோரை உறங்க வைத்துவிடுவான் என்ற அச்சம் உங்களுட் சிலருக்கு இருக்கக்கூடும். அஞ்ச வேண்டாம். நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சுண்ணாம்பு.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால், அதனுள் அடங்கியிருந்த கரியமிலவாயு வெளியேறிவிடும். எஞ்சிய சுண்ணாம்பை நீற்றிச் சுவருக்குப் பூசுகிறோம். அது காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகி இறுகுகிறது. இழந்ததைத் திரும்பப் பெறுகிறது.

உருக்காலைக் கசட்டிலும், சிலவகை நிலக்கரிச் சாம்பலிலும் இத்தகைய சுண்ணாம்புச் சத்து மிகுந்துள்ளது. கரியமிலவாயுவோ இன்று உலகை வெப்பமாக்கி வரும் வாயு. அப்படியானால், ஓர் ஆலையின் புகையை அவ்வாலையின் கழிவைக் கொண்டே கல்லாக்கிவிடலாகாதா? இதுவே விஞ்ஞானிகள் எழுப்பிய வினா.

அது நடக்கக்கூடியதே என்பதற்கு இங்கிலாந்தின் கம்பர்லாந்துக் கடற்கரை சான்று பகர்கிறது. அங்கே டெர்வென்ட் ஹோ என்னுமிடத்தில் பழைய இரும்பு உருக்காலைகள் கொட்டிய கசடு மலையாய்க் குவிந்து கிடக்கிறது. கிளாஸ்கோ சர்வகலாசாலையார் 2025இல் வெளியிட்ட ஆய்வின்படி, கடல் அரித்துக் கரையிற் சேர்த்த கசடு, கடல்நீரோடும் காற்றோடும் கலந்து புதுப் பாறையாகியிருக்கிறது. அப்பாறைக்குள் 1934ஆம் ஆண்டு நாணயமொன்றும், 1989க்கு முன் செய்யப்படாத வகையைச் சேர்ந்த அலுமினியப் பேணியின் திறப்பு வளையமொன்றும் அகப்பட்டன. பாறை உண்டாக 35 ஆண்டுகளே போதும் என்பதற்கு அவ்வளையமே சாட்சி!

அலுமினியத் தொழிலின் கழிவு செஞ்சேறு. போக்சைற்றிலிருந்து அலுமினாவை எடுக்க எரிசோடாவைப் பயன்படுத்துவதால், இச்சேறு கடுங்காரமுடையது. 2010 ஒக்டோபரில் ஹங்கேரி நாட்டில் ஐகா நகருக்கருகே செஞ்சேற்றுத் தேக்கமொன்று உடைந்து ஊர்களுக்குட் புகுந்தது, பத்துப்பேர் மாண்டனர். மேற்கு அவுஸ்திரேலியாவிலுள்ள குவினானாவில் 2007இல் வேறொரு வழி கண்டனர். அயலிலிருந்த அமோனியா ஆலையின் கரியமிலவாயுவைக் குழாய்வழியே கொணர்ந்து செஞ்சேற்றிற் செலுத்தினர். சேற்றின் காரமும் தணிந்தது, வாயுவும் சிறைப்பட்டது. ஆண்டுக்கு 70,000 தொன் வாயு இவ்வாறு அடங்கும் எனக் கணித்தனர். எனினும் அந்த அலுமினா ஆலை 2024இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மூல ஆலை நின்றால் புதிய கழிவுமில்லை, அதனாற் பெறும் நன்மையுமில்லை.

அன்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். விந்தையைக் கண்டு கைதட்டுவது எளிது. கணக்குப் பார்ப்பது கடினம். பார்ப்போம். ஊதுலை வழியாக ஒரு தொன் உருக்குச் செய்ய ஏறத்தாழ 2 தொன் கரியமிலவாயு வெளியேறுகிறது. கூடவே கிடைக்கும் கசடு ஏறத்தாழ 400 கிலோ. அதில் ஐந்தில் இரு பங்கு, அதாவது 160 கிலோ, சுண்ணாம்பு என்று கொள்வோம். 56 பங்கு சுண்ணாம்பு 44 பங்கு வாயுவையே பிடிக்கும். எனவே பிடிபடுவது 126 கிலோ. மகனீசியத்தையும் சேர்த்தாலும் 200 கிலோவை எட்டாது. 2,000 கிலோ கடனுக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை! அதுவும் கசடு முழுவதும் வினைப்பட்டால்தான். குவியலாய்க் கிடந்தால் மேற்பரப்பே இறுகும். உள்ளே காற்றுப் புகாது. பொடியாக்கலாம், ஆனால் அரைக்கும் இயந்திரத்துக்கும் சக்தி வேண்டும். அச்சக்தி நிலக்கரியிலிருந்து வந்தால், ஒரு கையாற் கொடுத்து மறு கையாற் பறிப்பதாகும்.

ஆகையால் இம்முறை பயனற்றதென்று சொல்ல வரவில்லை. நச்சுக் காரம் தணிவதும், கட்டடத்துக்குக் கல் கிடைப்பதும், வாயுவில் ஒரு பங்கு காலங்காலமாக அடங்கிக் கிடப்பதும் சிறிய பேறுகளல்ல. கடன்பட்டவன் பத்திலொன்றைக் கொடுத்தாலும் வரவேற்போம். ஆனால் அதைக் காட்டி முழுக்கடனும் தீர்ந்ததென அவன் பறைசாற்ற இடங்கொடுக்கலாகாது. எஞ்சிய ஒன்பது பங்குக்கு வழி, புகையையே குறைப்பதுதான்.

நாளைய உலகை ஏற்று நடத்தப்போகும் வாலிபர் நாம். புகையை வென்றுவிட்டோம் என்று எவர் வந்து சொன்னாலும், மறுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். "எத்தனை தொன் வெளியேறியது? எத்தனை தொன் திரும்பியது?" என்று கேட்போமாக.