மூன்று பிளக், ஒரு பாடம்



தேர்வில் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் படம் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அப்பாவின் பழைய மாருதி 800-க்கு முதன்முதலாக ஸ்பார்க் பிளக் மாற்றியபோது, மூன்று ஒயரையும் ஒன்றாகக் கழற்றிவிட்டேன். எது எந்த சிலிண்டருக்கு? குத்துமதிப்பாக மாட்டினேன், வண்டி இருமியது. "என்னப்பா இன்ஜினியரு!" என்றார் அப்பா.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் சிரிக்கவில்லை. "எஞ்சின் ஆறட்டும் தம்பி. ஒண்ணைக் கழட்டி, பிளக்கை மாத்தி, அதே இடத்துல ஒயரை மாட்டிட்டு அடுத்ததுக்குப் போங்க. புது பிளக்கை முதல்ல கையாலயே திருகுங்க. ஹெட்டு அலுமினியம், மரை போயிடும்" என்றார்.

தீப்பொறி ஏன் வேண்டும் என்பதைக் கல்லூரி சொன்னது. அதைக் கையாளும் முறையை அவர் சொன்னார். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.