கரையில் நாற்பது ஜீப்புகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். ஆகஸ்ட் மாசம் கென்யா போயிட்டு வந்தேன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். "மாரா நதி வீடியோ எப்போ போடுவீங்க?"ன்னு கேட்டுட்டே இருக்கீங்க. போடப் போறது இல்ல. ஏன்னு சொல்லத்தான் இந்த எபிசோடு.

முதல்ல, அங்கே என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பார்த்துடலாம். ஏன்னா நானே போறதுக்கு முன்னாடி பாதி தப்பாத்தான் புரிஞ்சு வச்சிருந்தேன்.

ஆரம்பமும் முடிவும் இல்லாத பயணம்

டான்சானியாவில் செரங்கெட்டி. அதை ஒட்டி வடக்கே, கென்யா பக்கம், மாசாய் மாரா. நமக்குத்தான் நடுவுல எல்லைக்கோடு. விலங்குகளுக்கு ரெண்டும் ஒரே புல்வெளி. இந்தப் புல்வெளியில் சுமார் 12 லட்சத்துக்கும் மேல் வைல்டபீஸ்ட் இருக்கு. பார்க்க மாடு மாதிரி இருக்கும், தாடி வச்ச மாடு. உண்மையில் அது மான் வகையைச் சேர்ந்தது. கூடவே சுமார் 2 லட்சம் வரிக்குதிரைகள், லட்சக்கணக்கில் சின்ன மான்கள்.

இதுங்க வருஷம் பூரா மழையைத் துரத்திட்டு நடந்துட்டே இருக்கும். ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும் தெற்கு செரங்கெட்டி. அங்கே மண்ணுல எரிமலைச் சாம்பல் கலந்திருக்கு. புல் குட்டையாத்தான் இருக்கும், ஆனா தாதுச்சத்து அதிகம். பால் கொடுக்கிற தாய்க்கு அதுதான் தேவை. அதனால குட்டி போடுறதெல்லாம் அங்கேதான். பெரும்பாலான குட்டிகள் ரெண்டு மூணு வாரத்துக்குள்ள பிறந்துடும். பிறந்த சில நிமிஷத்துல எழுந்து நிக்கும். ஒரே நேரத்துல இவ்வளவு குட்டிகள் பிறந்தா சிங்கமும் கழுதைப்புலியும் எத்தனையைத்தான் தின்ன முடியும்? அதுதான் அதுங்களோட பாதுகாப்பு.

மழை நின்னதும் தெற்கே புல்லும் தண்ணியும் தீர்ந்துடும். அப்போ மேற்கு, வடக்குன்னு கிளம்பும். வடக்கே மழை அதிகம், வறண்ட மாசங்கள்லயும் புல் கிடைக்கும். அங்கே குறுக்கே ஓடுறதுதான் மாரா நதி. கென்யாவின் மாவ் காடுகளில் பிறந்து, விக்டோரியா ஏரியில் போய்ச் சேர்ற நதி. ஜூலையில் இருந்து அக்டோபர் வரைக்கும் கூட்டம் இந்த நதிப் பக்கம் இருக்கும். நவம்பர் வாக்குல திரும்பத் தெற்கே போகும்.

நான் நினைச்சுட்டு இருந்தது என்னன்னா, ஒரு நாள் எல்லாம் சேர்ந்து நதியைத் தாண்டும், அவ்வளவுதான், முடிஞ்சதுன்னு. அப்படி இல்ல. அந்த நாலு மாசத்துல ஒரே கூட்டம் பல தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும். அக்கரையில் மழை பெய்தா அங்கே போகும். நாலு நாள் கழிச்சு இக்கரையில் பெய்தா திரும்பி வரும். தலைவன்னு யாரும் கிடையாது. எப்போ தாண்டும்னு எந்த கைடும் சொல்ல முடியாது. சொன்னா, அவர் உங்ககிட்ட டூர் விற்கிறார்னு அர்த்தம்.

காத்திருப்பு

நாங்க நாலு பேர் போனோம். ஒரு ஜீப், ஒரு டிரைவர். அவரே கைடும். மூணு முழு நாள். ஜூலையில் இருந்து டிசம்பர் வரைக்கும் மாசாய் மாராவுக்கு உள்ளே போக வெளிநாட்டுக்காரருக்கு நாள் ஒண்ணுக்கு 200 டாலர் கட்டணம். மத்த ஆறு மாசம் அதுல பாதி. இதை ஏன் சொல்றேன்னா, அந்த 200 டாலர் கடைசி வரைக்கும் என் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு புரிய அது முக்கியம்.

முதல் நாள் ஒண்ணும் நடக்கல. நதிக்கரையில் ஆயிரக்கணக்கில் வந்து கூடுச்சு. வெயில், தூசி, சாணி வாசனை. அதுங்க போடுற சத்தம், தொண்டையில் இருந்து வர்ற ஒரு முனகல், "ங்நூ, ங்நூ"ன்னு. ஆயிரம் தொண்டையில் இருந்து ஒரே நேரத்துல அது வந்தா, தரையே முனகுற மாதிரி இருக்கும். முன்னாடி நிக்கிறது தண்ணி வரைக்கும் இறங்கும், மோந்து பார்க்கும். பின்னாடி இருக்கிறது தள்ளும். தண்ணியில் ஒரு நீர்யானை மூச்சு விட்டுச்சு, அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் மேலே ஓடிப் போயிடுச்சு. நாலு மணி நேரத்துல இது மூணு தடவை நடந்துச்சு.

எனக்குக் கடுப்பு. கைடு சிரிச்சுக்கிட்டே "போலே போலே"ன்னார். ஸ்வாஹிலியில் "மெதுவா, மெதுவா"ன்னு அர்த்தம்.

ரெண்டாவது நாள் சாயங்காலம், ஒரு மேட்டுல இருந்து பைனாகுலர்ல பார்த்துட்டு இருந்தோம். நதி ரொம்பத் தள்ளி இருந்துச்சு. அங்கே ஒரு சின்னக் கூட்டம், இருநூறு முந்நூறு இருக்கும், திடீர்னு ஒத்த வரிசையில் இறங்கித் தாண்டிப் போச்சு. பத்து நிமிஷம்கூட இல்ல. பக்கத்துல ஒரு வண்டியும் கிடையாது. கைடு, "பார்த்துட்டீங்களே!"ன்னு சந்தோஷமா சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது கணக்குல வராது. போன்ல புள்ளி மாதிரிதான் தெரியுது."

மூணாவது நாள்

மூணாவது நாள் மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். வண்டிங்க கரையில் இருந்து தள்ளித்தான் நின்னுச்சு. அப்படித்தான் நிக்கணும். விலங்குகள் தண்ணியில் இறங்கி, தாண்டுறது உறுதியான பிறகுதான் வண்டி கிட்டப் போகலாம். முன்னாடியே போனா கூட்டம் மிரண்டு திரும்பிடும்.

அக்கரையில் கூட்டம் சேர்ந்துட்டே இருந்துச்சு. ஒரு வரிக்குதிரை இறங்குச்சு, பின்னாடி ரெண்டு வைல்டபீஸ்ட். அவ்வளவுதான், ரேடியோவில் யாரோ ஏதோ சொன்னாங்க, ஒரு வண்டி ஸ்டார்ட் ஆச்சு. அடுத்த நிமிஷம் எல்லா வண்டியும் கரையை நோக்கிப் பறக்குது. எங்க கைடு மட்டும் கிளப்பல. ஸ்டியரிங் மேல கையை வச்சுட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் கத்தினேன். "அண்ணா, போங்க! எல்லாரும் போறாங்க, போங்க!" தமிழ்லதான் கத்தினேன். அவருக்குப் புரிஞ்சிடுச்சு. என் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். கிளப்பினார்.

கரையில் நாற்பது வண்டி இருக்கும். நானே அப்புறம் போட்டோவில் எண்ணிப் பார்த்தேன். பம்பரோட பம்பர் ஒட்டி நின்னோம். நாங்க நின்ன இடம் எதுன்னா, தண்ணியில் இருந்து அதுங்க ஏறி வர்ற சரிவு. பல வருஷமாக் குளம்பு பட்டுப் பட்டுத் தேய்ஞ்ச வழி. அது அப்போ எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கணும்னு தோணவும் இல்ல.

நீந்தி வந்ததுங்க நிமிர்ந்து பார்க்குது, எதிர்ல தகரச் சுவர். முன்னாடி வந்தது திரும்பப் பார்க்குது, பின்னாடி நூத்துக்கணக்குல வந்துட்டே இருக்கு. மொத்தக் கூட்டமும் இடது பக்கம் ஒதுங்குச்சு. அங்கே கரை செங்குத்து. ஏறும், சறுக்கும், பின்னாடி வர்றது மேல விழும். அப்படியே குவியலாச்சு. பெருசுங்க ஒண்ணு மேல ஒண்ணு மிதிச்சு எப்படியோ ஏறிடுச்சு. பிப்ரவரியில் பிறந்த குட்டிங்களுக்கு அப்போ ஆறு மாசம்தான் ஆகியிருக்கும். ஒரு குட்டியோட தலை மூணு தடவை தண்ணிக்கு மேல வந்துச்சு. நாலாவது தடவை வரல. இது எல்லாமே என் வீடியோவில் இருக்கு. முதலை ஒண்ணுகூட இல்ல அந்த ஃபிரேம்ல. அதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முதலை இருந்திருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. பழியைப் போட ஒரு ஆள் கிடைச்சிருக்கும்.

ராத்திரி சாப்பிடும்போது கைடுகிட்ட, "நீங்க முதல்ல ஏன் கிளப்பல?"ன்னு கேட்டேன். கோபமே இல்லாம சொன்னார். "நான் கிளப்பலன்னா உங்களுக்கு வருத்தம். கம்பெனிக்கு மோசமா ரிவ்யூ எழுதுவீங்க. கிளப்பினா விலங்குக்குக் கஷ்டம். விலங்கு ரிவ்யூ எழுதாது." அப்புறம் என் தோளைத் தட்டி "போலே"ன்னார். ஒரு தடவைதான். ரெண்டு தடவை சொன்னா "மெதுவா". ஒரு தடவை சொன்னா, "உனக்கு இப்படி ஆயிடுச்சே"ன்னு ஆறுதல். எனக்கு அவர் ஆறுதல் சொல்றார்!

எல்லாச் சாவும் ஒண்ணு இல்ல

திரும்பி வந்து நிறையப் படிச்சேன். உண்மையைச் சொன்னா, என் மனசைத் தேத்திக்கத்தான் படிச்சேன்.

நதியில் வைல்டபீஸ்ட் சாகுறது புதுசு இல்ல. 2017ல் வெளியான ஒரு ஆய்வு, மாரா நதியில் வருஷத்துக்குச் சராசரியா 6,250 வைல்டபீஸ்ட் மூழ்கிச் சாகுதுன்னு கணக்கிட்டது. எடையில் சுமார் 1,100 டன். இதுல முதலை தின்கிறது எவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க? சுமார் ரெண்டு சதவீதம்தான். நாம டிவியில் பார்க்கிறது அந்த ரெண்டு சதவீதத்தைத்தான். மிச்சத்தைக் கழுகும் மாரபூ நாரையும் மீனும் தின்னும். மாமிசம் சில வாரத்துல கரைஞ்சிடும். எலும்பு கரைய ஏழு வருஷம் ஆகும். அத்தனை வருஷமும் அதுல இருந்து பாஸ்பரஸ் கசிஞ்சு நதிக்கு உரமாகுது. அந்தச் சாவு இல்லாம அந்த நதி அந்த நதியா இருக்காது.

இதைப் படிச்சப்போ ஒரு நிம்மதி. "அப்போ அந்தக் குட்டியும் இயற்கைதானே?" 12 லட்சத்துல 6,250 என்பது ஒரு சதவீதம்கூட இல்ல. கூட்டம் தாங்கும். ஆனா அந்த நிம்மதி ரெண்டு நாள்கூட நிக்கல. வெள்ளம் அடிச்சுட்டுப் போறது வேற. ஏறி வர்ற வழியில் நான் வண்டியை நிறுத்தினது வேற. கணக்கு ஒண்ணா இருக்கலாம், காரணம் ஒண்ணு இல்ல.

நான் மட்டும் செஞ்ச தப்பும் இல்ல இது. 2025 ஜூலையில் செரங்கெட்டி பக்கத்துல எடுத்த ஒரு வீடியோ உலகம் பூராச் சுத்துச்சு. சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டே இறங்கி, கரையில் வரிசையா நின்னு வழியை மறிக்கிறாங்க. கமென்ட்ல எல்லாரும் திட்டிட்டு இருந்தாங்க. நான் ஒண்ணும் எழுதல. எழுத எனக்கு வாய் இல்ல.

அப்போ போகவே கூடாதா?

இதைத்தான் என் ஃபிரெண்ட் கேட்டா. எனக்குப் பட்ட பதிலைச் சொல்றேன்.

இந்தக் கூட்டம் எப்பவும் இவ்வளவு பெருசா இருந்தது இல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டோட கடைசியில் கால்நடைகள் மூலமா வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள்ள வந்து, மாடுகளோட சேர்த்து வைல்டபீஸ்டையும் கொன்னு குவிச்சது. 1961ல் கணக்கெடுத்தப்போ இங்கே இருந்தது இரண்டரை லட்சம் சொச்சம்தான். சுத்தி இருந்த மாசாய் மக்களோட மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு நோயை அடக்கினாங்க. 1977க்குள்ள எண்ணிக்கை 13 லட்சத்தைத் தொட்டது. காட்டுக்குள்ள ஒரு ஊசிகூடப் போடல. பக்கத்து ஊர் மாட்டைக் காப்பாத்தினாங்க, காட்டு விலங்கு தானாப் பிழைச்சுக்கிச்சு.

இன்னைக்கும் கதை அதேதான். காப்பகத்துக்கு வெளியே இருக்கிற நிலம் மாசாய் குடும்பங்களுக்குச் சொந்தம். நிலத்துக்கு வேலி போட்டா விலங்கோட வழி அடைஞ்சிடும். மாராவைச் சுத்தி வேலி பெருகிட்டுத்தான் இருக்கு. நிலத்தைத் திறந்தே வச்சிருந்தா வாடகை தர்ற வன உயிர்க் கூட்டமைப்புகளும் அங்கே இருக்கு. அந்த வாடகை எங்கே இருந்து வருது? உங்களை மாதிரி, என்னை மாதிரி போறவங்க காசுல இருந்து. யாருமே போகலன்னா, வேலிதான் லாபம்.

அதனால "போகாதீங்க"ன்னு சொல்ல மாட்டேன். போனா சிலது மட்டும் செய்யுங்க. புக் பண்ணும்போதே, "கரையில் தள்ளி நிக்கிற டிரைவர் வேணும்"னு எழுதிக் கேளுங்க. முதல் நாளே டிரைவர்கிட்ட, "நாங்க பார்க்காமப் போனாலும் பரவாயில்ல, டிப்ஸ் குறையாது"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. அந்த ஒரு வரியை நான் சொல்லியிருந்தா அவர் வண்டியைக் கிளப்பியிருக்க மாட்டார். முடிஞ்சா மூணு நாளுக்குப் பதிலா அஞ்சு நாள் போங்க, வேற ஊரைக் குறைச்சுக்கோங்க. அவசரம் இருக்கிறவனாலதான் ஆபத்து. பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க.

ரெண்டாவது நாள் சாயங்காலம் பார்த்தேன்னு சொன்னேன் இல்ல, அந்தச் சின்னக் கூட்டம்? அதுகிட்ட வண்டி இல்ல. எங்க வேணும்னாலும் ஏற இடம் இருந்துச்சு. எல்லாமே ஏறிடுச்சு. ஏறினதும் உடம்பை உதறிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி மேய ஆரம்பிச்சுச்சு. அதோட வீடியோவும் என்கிட்ட இருக்கு. புள்ளி மாதிரிதான் தெரியும். கேட்டீங்கன்னா அதை வேணா போடுறேன்.

நீங்களும் எங்கேயாவது காட்டுக்குப் போய், "இதை நாம செஞ்சிருக்கக் கூடாது"ன்னு நினைச்சது இருந்தா எழுதுங்க. பேர் சொல்லாமப் படிக்கிறேன். அடுத்த வாரம் பார்ப்போம். போலே போலே.