பேட்டரிக்கு யார் தண்ணி ஊத்துறது?

(ஷார்ஜாவில் நடந்த ஞாயிறு கூடலில் தோழர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

தோழர்களே, விடியக்காலை நாலு மணிக்கு கம்பெனி பஸ் பிடிக்கிறவங்க இங்க நிறைய பேர். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

அபுதாபி ஸ்வைஹானில் 2019-ல் ஓடத் தொடங்கிய நூர் சூரிய மின் நிலையத்தில் 32 லட்சம் பேனல்கள் இருக்கு. அதே அபுதாபியின் மஸ்தார் நகரத்தில்தான் ஐரீனா என்ற சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமையின் தலைமையகம். உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி ஆகியவற்றோடு சேர்ந்து 2023 ஜனவரியில் அது ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழை நாடுகளில் ஏறக்குறைய 100 கோடிப் பேர் நம்பியிருக்கும் மருத்துவமனைகளில் கரண்டே இல்லை, அல்லது எப்போ வரும், எப்போ போகும்னு தெரியாத கரண்ட். இதைச் சரிசெய்ய 490 கோடி டாலர் வேணுமாம். இங்க ஒரு பெரிய திட்டத்துக்குக் கொட்டுற பணத்தை யோசிச்சுப் பாருங்க, இது எட்டாத தொகையா?

எங்க ராமநாதபுரம் மாவட்டத்தையே எடுத்துக்குங்க. கமுதியில் 2016-லேயே அதானியின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தாச்சு. ஆனா எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி கரண்ட் போனா இருட்டுதான். அதுக்காக இங்க இருக்கிற ஊர்க்காரங்க 40 பேர் ஆளுக்கு 100 திர்ஹாம் போட்டோம். கூரைமேல பேனல், கீழ பேட்டரி, வாசல்ல நம்ம பேர் போட்ட பலகை. போட்டோ எடுத்து வாட்ஸப்பிலும் போட்டோம்.

மூணாம் வருஷம் லீவுல போயிருந்தேன். தங்கச்சிக்கு ராத்திரி வலி எடுத்துச்சு. பிரசவ அறையில இருக்கிறப்ப கரண்ட் போச்சு. எங்க அம்மா செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நர்ஸ் அக்கா பிரசவம் பார்த்தாங்க. பிள்ளை நல்லபடியா பிறந்துச்சு. காலையில போய் பேட்டரியைத் திறந்து பார்த்தேன். சொட்டுத் தண்ணி இல்ல, தகடு வெள்ளை பூத்துக் கிடந்துச்சு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தறது யார் வேலைன்னு யாரும் சொல்லலை. எலக்ட்ரீஷியனா இருந்தும் நானும் யோசிக்கலை. தப்பு அந்த நர்ஸ் அக்கா மேல இல்ல, எங்க மேல.

இதையே சரியாச் செஞ்ச இடமும் இருக்கு. சத்தீஸ்கரில் கிரெடா என்ற மாநில அரசு முகமை 2012 முதல் 2016 வரை 900-க்கும் மேற்பட்ட சுகாதார நிலையங்களில் சூரிய மின்சாரம் அமைத்தது. 2017-ல் வந்த ஓர் ஆய்வு, சூரிய மின்சாரம் உள்ள நிலையங்களில் மாதப் பிரசவங்கள் மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும், வெளிநோயாளிகள் 50 சதவீதத்துக்கும் மேல் அதிகம் என்றும் கண்டது. வெளிச்சம் இருந்தா ஜனங்க வர்றாங்க. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள்ள கெடாம இருக்கும். அங்கே மாட்டியதோடு முடியவில்லை, பராமரிப்பும் அரசின் பொறுப்பாக இருந்தது.

"அப்ப நாம பணமே அனுப்ப வேண்டாமா?"ன்னு ஒரு தோழர் கேட்டார். அனுப்புவோம். ஆனா தர்மம் பண்ணிட்டோம்னு உட்கார்ந்துட்டா, அரசாங்கம் கையைக் கழுவிட்டுப் போயிடும். சுகாதாரம் நம்ம உரிமை. அதனால மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு: இனி ஊர்ச் சங்கம் வசூல் பண்ணினா, மூணில் ஒரு பங்கு பேட்டரிக்கும் பராமரிப்புக்கும் தனியா இருக்கட்டும். ரெண்டு: மே 1 கிராம சபையில், சுகாதார நிலையத்தின் சூரிய மின் அமைப்பைப் பராமரிக்க அரசு நிதி ஒதுக்கணும்னு தீர்மானம் போடச் சொல்லி வீட்டுக்காரங்களை அனுப்புவோம். மூணு: ஊருக்குத் திரும்புற எலக்ட்ரீஷியன்களை இந்த வேலைக்கு, சம்பளத்தோட, அரசு எடுக்கணும்னு கேட்போம். பேனல் மாட்ட, கம்பி இழுக்க, பழுது பார்க்க வெயில்ல நின்னு கத்துக்கிட்டவங்க நாம. அந்தத் தொழில் ஊர்ல வீணாப் போகக் கூடாது.

என் தங்கச்சி மகளுக்கு இப்ப நாலு வயசு. அவ பிறந்த அந்த அறையில இன்னொரு பிள்ளை டார்ச் வெளிச்சத்துல பிறக்கக் கூடாது, தோழர்களே.