வழி சலுகையல்ல, உரிமை!

தோழர்களே! 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையில் கூடியிருக்கிறோம். ஆகாய கங்கை அருவி காண வரும் நகரத்தார்க்கு அவ்வளைவுகள் வேடிக்கை. நோயாளியை ஏற்றிக்கொண்டு இறங்கும் மலைமக்களுக்கோ அவையே வாழ்வா சாவா எனும் கேள்வி!

வங்கத்தைப் பாருங்கள். தஹாகிராம், அங்கர்போட்டா எனும் ஊர்கள் வங்கதேசத்துக்கு உரியவை; ஆனால் நாற்புறமும் இந்திய மண். தாயகத்துக்கும் அவற்றுக்கும் இடையே தீன் பிகா எனும் துண்டு நிலம். நீளம் 178 மீட்டர்தான்! வழிவிட 1974-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் ஒப்பந்தம் செய்தனர். வழி திறந்ததோ 1992-இல். அதுவும் பகலில், குறித்த வேளைகளில் மட்டும். நள்ளிரவில் பிரசவ வலி கண்டவள் எங்கே போவாள்? 24 மணி நேரமும் திறக்க 2011 ஆயிற்று. 178 மீட்டருக்கு 37 ஆண்டுகள்!

2015-இல் இரு நாடுகளும் இத்தகைய 162 நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்டன. தஹாகிராம் வங்கதேசத்திடமே நின்றது, தீன் பிகா வழியும் நிலைத்தது. இன்று அதைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். வரட்டும், மகிழ்ச்சியே! ஆயினும் வந்துபோவோர்க்கு வழி காட்சி. வாழ்வோர்க்கு அது உரிமை.

எனவே தோழர்களே, சாலை கேட்டு மனு எழுதும்போது, "பயணிகள் வருவார்கள்" என்று தொடங்காதீர்கள். "நாங்கள் போய்வர வேண்டும்" என்று முதல் வரியில் எழுதுங்கள்!