இருமினால் கசிகிறதா? மறைக்காதீங்க, சரிசெய்யலாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கடன், வட்டி, சேமிப்பு எல்லாம் பேசுறோம். இன்னைக்கு யாருகிட்டயும் சொல்லாத ஒண்ணைப் பேசுவோம். இருமினா, தும்மினா, குடம் தூக்கினா சிறுநீர் கசியுது. சிலருக்குக் கழிப்பறை போறதுக்குள்ளயே போயிடுது. இதுக்குப் பயந்து பஸ் ஏறாம, விசேஷத்துக்குப் போகாம, குழுக் கூட்டத்துக்கே வராம இருக்கிறவங்க உண்டு.

இது ஏன் வருகிறது? கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை இரண்டையும் இடுப்பின் அடியில் ஒரு தசை தூளி மாதிரி தாங்குகிறது. பிரசவத்தால் அது தளர்கிறது. 45 முதல் 55 வயதுக்குள் மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பும் குறைவதால் கசிவு அதிகமாகலாம். ஆனால் இது தலைவிதி அல்ல.

பயிற்சி இதுதான். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல உள்ளே இறுக்குங்கள். 5 எண்ணும் வரை பிடித்து, 5 எண்ணும் வரை தளர்த்துங்கள். மூச்சை அடக்காதீங்க; தொடையை, வயிற்றை இறுக்காதீங்க. ஒரு வேளைக்கு 8 தடவை, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். குடம் தூக்கும் முன்பும் இறுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம்.

அவசரமாக வந்தால் ஓடாதீங்க. நின்று, நாலைந்து முறை இறுக்குங்கள். அவசரம் தணிந்ததும் போங்கள். மணிக்கொரு தடவை போகிறவர்கள் இடைவெளியைக் கால் மணி நேரம் கூட்டி, மெதுவாக நீட்டுங்கள். இதற்கு 6 வாரமாவது ஆகும்.

தண்ணீரைக் குறைக்காதீங்க. குறைத்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் தசை இன்னும் தளரும். காபி, டீயைக் குறையுங்கள்.

சுவீடனில் 123 பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. கைபேசிச் செயலி பார்த்து வீட்டிலேயே 3 மாதம் பயிற்சி செய்தவர்களுக்கு, செயலி இல்லாதவர்களைவிடக் கசிவு நன்றாகக் குறைந்தது. நம்ம மகளோ மருமகளோ கைபேசியில் 3 வேளையும் அலாரம் வைத்துத் தரலாமே! வெளியே போக முடியாதவர்கள், அரசின் இ-சஞ்சீவனி மூலம் டாக்டரிடம் கைபேசியிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஆனால் சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், கர்ப்பப்பை இறங்கிய உணர்வு இருந்தால் காத்திருக்காதீங்க. நேரில் டாக்டரைப் பாருங்கள்.

சேமிப்பு மாதிரிதான் சகோதரிகளே, கொஞ்சம் கொஞ்சமா, விடாம செய்யணும். செய்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் தனியாக வந்து சொல்லுங்கள், கேட்க நான் இருக்கேன்.